வாய்ப் புற்றுநோய்: வல்லத்தை விற்பதற்கு முன்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 52. தங்கச்சிமடத்தில் இருக்கிறோம். விசைப்படகில் கூலிக்குக் கடலுக்குப் போகிறவர். இருபது வருடமாக இடது கன்னத்தில் புகையிலை அடக்குவார். நாலு மாதமாக அங்கே ஆறாத புண். ராமநாதபுரத்தில் சதை எடுத்துப் பார்த்ததில் ‘ஸ்குவாமஸ் செல் கார்சினோமா’ (ஒரு வகைப் புற்றுநோய்) என்று வந்திருக்கிறது. ஸ்கேனில் புண் 3 செ.மீ., கழுத்தில் ஒரு நெறி (நிணநீர்க் கட்டி) 1.5 செ.மீ. வாய் இரண்டு விரல் அளவுதான் திறக்கிறது. எடை 50 கிலோ. ஆபரேஷன் செய்து கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க வேண்டும் என்கிறார்கள். ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு லட்சம் சொன்னார்கள். தம்பி ஓட்டும் வல்லத்தை (நாட்டுப் படகை) விற்கலாமா என்று யோசிக்கிறோம். சித்தப்பாவோ, சதை எடுத்ததால்தான் பரவுகிறது, கத்தி படவே கூடாது, நாட்டு மருந்து போதும் என்கிறார். மீன்பிடித் தடைக்காலம் வந்தால் அப்பா எப்படியும் வீட்டில்தான் இருப்பார், அப்போது பார்த்துக்கொள்ளலாமா? பெட் ஸ்கேன் (உடல் முழுவதும் புற்றைத் தேடும் ஸ்கேன்) எடுக்க வேண்டுமா? அப்பாவிடம் இன்னும் நோயின் பெயரைச் சொல்லவில்லை.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

வல்லத்தை விற்க வேண்டாம். அடுத்த நாலு மாதத்துக்கு உங்கள் வீட்டுக்கு வரப்போகிற வருமானம் அது ஒன்றுதான். அப்பாவுக்குத் தேவையான ஆபரேஷனும் கரண்டும் அரசு மருத்துவமனையில் காசில்லாமல் கிடைக்கும். உங்களுக்குக் கைக்காசு தேவைப்படப் போவது வேறு இடங்களில்: மதுரையில் ஆறு வாரம் தங்க, கூட இருப்பவர் சாப்பிட, பாலும் முட்டையும் வாங்க, அவசரத்துக்கு ஒரு ஆட்டோ பிடிக்க. பாதிச் சிகிச்சையில் ஊர் திரும்புகிற குடும்பங்கள் பெரும்பாலும் இந்தச் சில்லறைச் செலவில் மாட்டிக்கொண்டுதான் திரும்புகின்றன. கையிலிருப்பதை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நோய் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் அளவுகள்படி இது மூன்றாம் நிலை. கன்னத்திலிருந்து கழுத்து நெறி வரை வந்திருக்கிறது. நுரையீரலுக்குப் போயிருக்கிறதா என்று நெஞ்சு ஸ்கேனில் பார்த்துக்கொள்வார்கள். போகவில்லை என்றால் இது குணப்படுத்தும் நோக்கத்தோடு செய்கிற சிகிச்சை, நாளைத் தள்ளுவதற்குச் செய்வது இல்லை. இந்த நிலையில் வருகிறவர்களில், சிகிச்சையை முழுதாக முடித்தால், ஏறத்தாழ பாதிப் பேர் ஐந்து வருடத்தைத் தாண்டுகிறார்கள். முழுதாக முடிப்பது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. இந்தப் பதிலில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

சித்தப்பாவின் பயம் ஊரெல்லாம் இருக்கிறது. வாய்ப்புண்ணில் சிறு துணுக்குச் சதை எடுப்பதால் புற்று பரவாது. நோய் ஏற்கெனவே நெறிக்கு வந்த பிறகுதான் பலரும் பயாப்ஸிக்கே வருகிறார்கள். அதனால் சதை எடுத்த பிறகு பரவியதுபோல் தோன்றுகிறது. நாட்டு மருந்து விஷயத்தில் என் கவலை வேறு. பாதரசம், ஈயம் கலந்த பற்பம், செந்தூரம் சரியாகச் சுத்தி செய்யப்படாமல் வந்தால் சிறுநீரகம் கெடும். சிறுநீரகம் கெட்டால் கரண்டோடு சேர்த்துப் போடுகிற சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைப் போட முடியாது. கையிலிருக்கும் ஒரு ஆயுதம் அப்படிப் போய்விடும். சித்தப்பாவோடு சண்டை போட வேண்டாம். சிகிச்சை முடிகிற வரை வேறு எந்த மருந்தும் வாயில் போவதில்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால் டாக்டரிடம் மறைக்க வேண்டாம்.

பெட் ஸ்கேன் இப்போது வேண்டாம். முகம், கழுத்துக்கு மருந்து ஏற்றி எடுத்த சி.டி. ஸ்கேனும் நெஞ்சு ஸ்கேனும் இந்த நிலைக்குப் போதும்.

தடைக்காலக் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். இப்போது பிப்ரவரித் தொடக்கம், அதுவரை காத்திருந்தால் இரண்டு மாதத்துக்கு மேல் போய்விடும். 3 செ.மீ. புண் அதற்குள் தாடை எலும்பைத் தொட்டுவிடலாம். அப்போது கன்னத்தோடு நிற்கிற ஆபரேஷன் தாடையையும் எடுக்கிற ஆபரேஷனாக மாறும். இப்போதே தொடங்கினால் மார்ச் நடுவில் ஆபரேஷன், ஏப்ரல் கடைசியில் கரண்ட், ஜூன் தொடக்கத்தில் முடிவு என்று போகும். கடலுக்குப் போக முடியாத நாள்களும் கரண்ட் வைக்கும் நாள்களும் ஒன்றாக விழும். கூலி இழப்பு அவ்வளவுக்குக் குறையும்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை சில. பயாப்ஸி எடுத்த இடத்தில் அறிக்கை மட்டும் வாங்கினால் போதாது. கண்ணாடிச் சில்லுகளையும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்குங்கள். ஸ்லைடு, பிளாக் என்று கேட்டால் தருவார்கள். அவை இல்லாமல் போனால் மதுரையில் மறுபடி சதை எடுக்கச் சொல்லக்கூடும், முடிவு வர ஒன்றிரண்டு வாரம் ஓடிவிடும். சி.டி. ஸ்கேனின் ஃபிலிமோடு, படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் வாங்குங்கள். எல்லாவற்றையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். கடற்கரை வீட்டில் ஈரக்காற்றில் ஃபிலிம் ஒட்டிக்கொள்ளும். மெழுகுக் கட்டியை வெயிலிலும் பஸ் இன்ஜின் பக்கமும் வைக்க வேண்டாம்.

அடுத்தது காப்பீட்டு அட்டை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு ஐந்து லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். அட்டை இல்லாவிட்டால் வி.ஏ.ஓ. மூலம் வருமானச் சான்று வாங்கி, ஸ்மார்ட் கார்டு (ரேஷன் அட்டை), ஆதார் ஆகியவற்றோடு ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்கு அப்பாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். போவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: ஸ்மார்ட் கார்டிலும் ஆதாரிலும் அப்பாவின் பெயரும் பிறந்த வருடமும் ஒன்றாக இருக்கின்றனவா? நம் பக்கத்தில் ஞானஸ்நானப் பெயர் ஒன்றிலும் வீட்டில் கூப்பிடும் பெயர் இன்னொன்றிலும் இருப்பது சாதாரணம். அந்த ஒரு வித்தியாசம் போதும், காப்பீட்டு அனுமதி கிடைக்காமல் போக. முதலில் இ-சேவை மையத்தில் அதைத் திருத்துங்கள். அட்டை வருகிற வரை சிகிச்சையை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. அரசு மருத்துவமனையில் அட்டை இல்லாமலும் சேர்ப்பார்கள்.

தனியார் மருத்துவமனைக்கே போக நேர்ந்தால், ‘காப்பீடு எடுப்பீர்களா?’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். எடுப்போம் என்பார்கள். ‘வாய்ப் புற்று ஆபரேஷனுக்கும் கரண்டுக்கும் இந்தத் திட்டத்தில் உங்களுக்கு அங்கீகாரம் உண்டா? அதற்கு மேல் கையிலிருந்து எவ்வளவு?’ என்று கேளுங்கள். அங்கீகாரம் ஒவ்வொரு சிகிச்சைப் பிரிவுக்கும் தனித்தனி. ஆபரேஷனை அட்டையில் முடித்துவிட்டு, கரண்டுக்கு ரொக்கம் கட்டச் சொல்லும்போது முழிப்பவர்கள் நிறைய. சந்தேகம் வந்தால் திட்டத்தின் இலவச எண் 1800 425 3993. மீனவர் குழு விபத்துக் காப்பீடு இதற்குச் செல்லாது. அது விபத்துக்கு மட்டும்.

எங்கே போவது? மதுரை அரசு இராசாசி மருத்துவமனை. அதன் புற்றுநோய்ப் பிரிவு பாலரெங்காபுரத்தில் தனி வளாகமாக இருக்கிறது, கரண்ட் வைக்கும் இயந்திரமும் அங்கே உண்டு. ஆபரேஷனும் கரண்டும் ஒரே ஊரில் நடப்பது பெரிய வசதி. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு நல்ல பெயர் உண்டு, 1954 முதல் ஏழைகளுக்குச் சிகிச்சை தருகிற இடம். ஆனால் உங்கள் அப்பாவின் நோய்க்கு மதுரையில் செய்ய முடியாதது எதுவும் அங்கே தேவைப்படவில்லை. தூரமும் தங்கும் செலவும்தான் கூடும்.

ஆபரேஷனில் புண்ணைச் சுற்றிலும் ஏறத்தாழ ஒரு செ.மீ. நல்ல சதையோடு சேர்த்து எடுப்பார்கள். அந்தப் பக்கக் கழுத்து நெறிகளை மொத்தமாக எடுப்பார்கள். குழிந்த இடத்தை மூடப் பெரும்பாலும் நெஞ்சுச் சதையைத் திருப்பிக் கொண்டுவந்து தைப்பார்கள். வாய் இரண்டு விரல்தான் திறக்கிறது என்பதை மயக்க மருந்து டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். வாய் வழியாக மூச்சுக் குழாய் போட முடியாமல், மூக்கு வழியாகவோ தொண்டையில் சிறு துளை போட்டோ மூச்சு விடச் செய்யலாம். தொண்டைத் துளை என்றால் சில நாள் பேச்சு வராது. அப்பா எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்றால் ஒரு நோட்டும் பேனாவும், இல்லாவிட்டால் தண்ணீர், வலி, சிறுநீர் என்று கைச்சைகையையும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். துளையை எடுத்ததும் பேச்சு வந்துவிடும். இது தெரியாமல் வார்டில் அழுது புரள்கிற குடும்பங்கள் உண்டு.

ஆபரேஷனுக்கு முன்பே இன்னொன்றைக் கேளுங்கள்: ‘ஆடுகிற பல், சொத்தைப் பல் எல்லாவற்றையும் இப்போதே, மயக்கத்திலேயே, எடுத்துவிட முடியுமா?’ கரண்ட் வைத்த பிறகு தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்துவிடும். அப்போது பல் பிடுங்கினால் குழி ஆறாமல் எலும்பு அழுகலாம். வருடங்கள் கழித்தும் இந்த ஆபத்து இருக்கும். பல்லைத் தனியாக எடுப்பதென்றால் கரண்டுக்கு இரண்டு வாரமாவது முன்னால் எடுத்து ஆறவிட வேண்டும். அந்த இரண்டு வாரம் உங்களிடம் இருக்காது.

ஏன் இருக்காது என்றால், ஆபரேஷன் நடந்த நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் கரண்ட் தொடங்கிவிட வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போதே கரண்ட் பிரிவில் தேதி வாங்கிக்கொண்டு வாருங்கள். ஆபரேஷன் பயாப்ஸி அறிக்கை வந்ததா என்று பத்தாம் நாளிலிருந்து விசாரியுங்கள். அறிக்கையில் ஓரத்தில் நோய் மிச்சமிருந்தாலோ, நெறியின் உறையைக் கிழித்து நோய் வெளியே வந்திருந்தாலோ, கரண்டோடு வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டினும் போடுவார்கள்.

கரண்ட் பொதுவாக 30 முறை. திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறு வாரம். தொடங்கும் முன் முகத்துக்கு வலை போன்ற ஒரு முகமூடி அச்சு எடுப்பார்கள். தினமும் அதை மாட்டி மேசையோடு பூட்டி, ஒரே இடத்தில் கதிர் விழச் செய்வார்கள். தாடியை எடுத்துவிட்டுப் போங்கள். எடை நாலைந்து கிலோ இறங்கினால் அச்சு தளர்ந்துவிடும், கதிர் விழும் இடம் மாறும், மறுபடி அச்சும் ஸ்கேனும் எடுக்க வேண்டிவரும். அதனால்தான் சாப்பாட்டைப் பற்றிக் கீழே இவ்வளவு எழுதுகிறேன்.

தங்கச்சிமடத்திலிருந்து தினமும் மதுரைக்குப் போய்வருவது நடக்காத காரியம். போக வர முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். இயந்திரத்தில் இருக்கப்போவதோ பத்து, பதினைந்து நிமிடம். முதல் வாரம் முடியும், மூன்றாம் வாரம் வாய் வெந்துபோன பிறகு முடியாது. ஒவ்வொரு நாள் தவறும்போதும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ ஒரு சதவீதம் இறங்குகிறது. மூன்று, நான்கு வாரத்துக்குப் பிறகு, தப்பிய புற்று அணுக்கள் வேகமாகப் பெருகத் தொடங்குவதே காரணம். ‘வாய் ஆறட்டும், ஒரு வாரம் ஊருக்குப் போய் வருகிறோம்’ என்பது நாம் செய்யக்கூடிய மிக மோசமான காரியம். முதல் நாளே, தொலைவிலிருந்து வருகிறோம், உள்நோயாளியாகச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். இடமில்லை என்றால் மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் பக்கத்தில் குறைந்த வாடகைக்கு, இலவசமாகத் தங்க இடம் உண்டா என்று விசாரியுங்கள். கூட இருப்பவருக்கு அம்மா உணவகம் இருக்கிறது: இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று.

ரயிலில் வாருங்கள். பாம்பன் புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு ராமேஸ்வரம் வரை ரயில் ஓடுகிறது. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் முழுக் கட்டணமும், சாதாரண இரண்டாம் வகுப்பில் 75 சதவீதமும் சலுகை. துணைக்கு வருபவர் ஒருவருக்கு இரண்டிலும் 75 சதவீதம். இதற்கென உள்ள படிவத்தில் டாக்டர் கையெழுத்தும் மருத்துவமனை முத்திரையும் வேண்டும். இரண்டு, மூன்று படிவமாகக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு ஸ்டேஷன் கவுன்டரில் கொடுங்கள்.

இனி வாயும் வயிறும். இரண்டாம் வாரக் கடைசியில் வாய் சிவந்து எரியும். நாலாம் வாரத்தில் எச்சில் விழுங்கவே கண்ணீர் வரும். கரண்ட் முடிந்த பிறகும் இரண்டு வாரம் இப்படித்தான் இருக்கும், அதன் பிறகு தணியும். இது நோய் முற்றுகிற அறிகுறி இல்லை. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பும் ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடாவும் கலந்து, விழித்திருக்கும்போது இரண்டு மணிக்கு ஒருமுறை கொப்பளிக்க வேண்டும். தினமும் புதிதாகக் கலக்குங்கள். உப்பு கரிக்கிற கிணற்றுத் தண்ணீரில் கலக்க வேண்டாம், குழாயில் வருகிற குடிநீரே சரி. கடையில் விற்கும் காரமான மவுத்வாஷ் எரிச்சலைக் கூட்டும். நாக்கில், கன்னத்தில் தயிர் படிந்தது போல வெள்ளை தெரிந்தால் அது பூஞ்சை. மாத்திரையில் அடங்கும், டாக்டரிடம் காட்டுங்கள்.

உணவு ஏற்ற மூக்குக் குழாய் போடலாம் என்று சொன்னால் மறுக்காதீர்கள். கடைசிக்கட்டம் என்று நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள். எடை இறங்காமல் கரண்டை முடிக்க அது ஒரு வழி, அவ்வளவுதான். 50 கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1,500 முதல் 1,750 கலோரியும், 60 முதல் 75 கிராம் புரதமும் வேண்டும். வீட்டுச் சாப்பாட்டிலேயே இது வரும். ஒரு லிட்டர் பாலில் 32 கிராம் புரதம். மூன்று முட்டையில் 18. வேகவைத்து முள் எடுத்த பாறை அல்லது விளமீன் 100 கிராமில் 20. மூன்றும் சேர்ந்தால் 70. கலோரிக்கு, 100 கிராம் கேழ்வரகு மாவிலோ அரிசி நொய்யிலோ கஞ்சி, 50 கிராம் சர்க்கரை, நாலு டீஸ்பூன் எண்ணெய். சர்க்கரை நோய் இருந்தால் சர்க்கரையை விட்டுவிட்டு மாவைக் கூட்டுங்கள்.

மீனையும் முட்டையையும் நன்றாக வேகவைத்து, மிளகாய் மசாலா எதுவுமில்லாமல், பாலோடோ கஞ்சியோடோ மிக்ஸியில் ஓடவிட்டு, டீ வடிகட்டியில் இரண்டு தடவை வடிகட்டுங்கள். ஒரு மீன்முள் குழாயை அடைத்துவிடும். தடவைக்கு 200 மில்லி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளைக்கு எட்டு முறை. ஏற்றுவதற்கு முன் மூக்கருகே குழாயில் போட்டிருக்கும் குறி அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வெளியே வந்திருந்தால் ஒரு சொட்டும் ஏற்றக்கூடாது, நர்ஸிடம் காட்டுங்கள். சாய்ந்து உட்காரவைத்து, ஊசி உருளையை உயர்த்திப் பிடித்து, தானாக இறங்கவிடுங்கள். அழுத்தித் தள்ள வேண்டாம். முன்னும் பின்னும் 30 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர். ஏற்றிய பிறகு முக்கால் மணி நேரம் படுக்கக்கூடாது. நடுவில் இருமல், மூச்சுத் திணறல் வந்தால் உடனே நிறுத்துங்கள். அரைத்து வைத்தது வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கொட்டிவிடுங்கள். நம் ஊர் வெக்கையில் மீனும் பாலும் கலந்தது தாங்காது. மாத்திரையை, பொடிக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, மாவு போலப் பொடித்துக் கரைத்துத் தனியாக விடுங்கள். குழாய் அடைபடுவது பெரும்பாலும் பொடிக்காத மாத்திரையால்தான்.

சிஸ்பிளாட்டின் போடும் நாளும் அடுத்த இரண்டு நாளும் இரண்டரை, மூன்று லிட்டர் தண்ணீர் உள்ளே போக வேண்டும். குழாய் இருந்தால் குழாயில். சிறுநீர் மஞ்சள் தடித்துக் கொஞ்சமாகப் போனால் உடனே சொல்லுங்கள். வலி தாங்கவில்லை என்று பக்கத்து மெடிக்கலில் டைக்ளோஃபினாக் ஊசியோ மாத்திரையோ வாங்கிப் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு அடி. சிஸ்பிளாட்டின் காதையும் மந்தமாக்கலாம். வருடக்கணக்கில் படகு இன்ஜின் சத்தத்தில் இருந்தவருக்குக் காது ஏற்கெனவே குறைந்திருக்கலாம், முதல் ஊசிக்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், இரவானாலும், பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஊரில் இருக்கும்போது வந்தால் 108 கூப்பிட்டு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கீமோ நடக்கிறது என்று வாசலிலேயே சொல்லுங்கள்.

வலிக்கு மார்ஃபின் எழுதிக் கொடுத்தால் தயங்காதீர்கள். வலிக்காக, டாக்டர் சொன்ன அளவில் சாப்பிடுகிறவர் அதற்கு அடிமையாகிவிடுவது அரிது. பொதுவாக நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். வலி வந்த பிறகு கொடுத்தால் அதைப் பிடிக்க இரண்டு மடங்கு பாடு. மலச்சிக்கல் நிச்சயம் வரும், அதற்கான மாத்திரையையும் அதே நாளில் கேட்டு வாங்குங்கள். மார்ஃபின் எல்லாக் கடையிலும் கிடைக்காது. ஊருக்குக் கிளம்பும் முன் போதிய நாளுக்கு வாங்கிக்கொள்ளுங்கள். ஊர் திரும்பியபின் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் நர்ஸிடம் பெயரைப் பதிந்துவைத்தால் குழாய், புண், வலியை அவ்வப்போது பார்த்துச் சொல்வார்கள்.

புகையிலையை இன்றே நிறுத்த வேண்டும், இதில் குறைத்துக்கொள்வது என்ற பேச்சே இல்லை. அடக்கிக்கொண்டே கரண்ட் வைத்தால் கரண்டின் பலன் குறையும், வாய்ப்புண் இன்னும் மோசமாகும். முதல் நாலு நாள் எரிச்சல், தூக்கமின்மை, சிடுசிடுப்பு இருக்கும், இரண்டு வாரத்தில் தணியும். மெல்லும் நிக்கோட்டின் கம் இவருக்குச் சரிப்படாது, தோலில் ஒட்டும் பட்டையைக் கேளுங்கள். இலவச ஆலோசனை எண் 1800 11 2356.

கழுத்துத் தோலில் பவுடர், எண்ணெய், வாசனை சோப்பு, பிளேடு எதுவும் வேண்டாம். கரண்டுக்குப் போகும் வழியில் வெயில் படாமல் பழைய பருத்தித் துண்டால் மூடினால் போதும். வாய் திறக்கும் பயிற்சிக்கு ஐஸ் குச்சிகள் வாங்கிக்கொள்ளுங்கள். தையல் ஆறியபின், டாக்டர் சரி என்றதும், முன்பற்களுக்கிடையில் எத்தனை குச்சி போகிறது என்று எண்ணி, அரை நிமிடம் வைத்து எடுக்க வேண்டும், நாளைக்கு ஐந்து வேளை. தளரத் தளர ஒரு குச்சி கூட்டுங்கள். பதினேழு, பதினெட்டுக் குச்சி போனால் மூன்று விரல் அளவு திறக்கிறது என்று கணக்கு. கரண்ட் முடிந்தும் ஆறு மாதமாவது இதை விடக்கூடாது. தழும்பு மெல்ல இறுகிக்கொண்டே வரும்.

கழுத்து நெறி எடுத்த பக்கம் தோள் தொங்கிப்போகலாம், கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் போகலாம். தோளுக்குப் போகும் நரம்பு இழுபடுவதால் வருவது. வலை இழுக்கிறவருக்கு இது பிழைப்புப் பிரச்சினை, ஆனால் ஆபரேஷன் வார்டில் யாரும் நினைவூட்டிச் சொல்வதில்லை. ரத்தம் வடியும் குழாயை எடுத்ததும் பிசியோதெரபி கேளுங்கள். சுவரில் விரல்களை ஏணி ஏறுவது போல நகர்த்தி உயர்த்தும் பயிற்சி எளியது, வீட்டிலேயே செய்யலாம். கரண்ட் முடிந்து இரண்டு, மூன்று மாதம் கழித்துக் கரை வேலை தொடங்கலாம். வலை இழுப்பது தோளைப் பார்த்துத்தான்.

அப்பாவிடம் சொல்லுங்கள். ஆபரேஷன் தாளில் கையெழுத்துப் போடப் போகிறவர் அவர். முகமூடியை மாட்டிப் படுக்கப் போகிறவரும் அவர். எதற்கென்று தெரியாதவர் நாலாம் வாரத்தில் ‘போதும், வீட்டுக்குப் போவோம்’ என்பார். அப்போது உங்களிடம் பதில் இருக்காது. ஊரில் யாராவது வாய் தவறிச் சொல்லிக் கேள்விப்படுவது இன்னும் கொடுமை. டாக்டர் முன்னிலையில், அம்மாவும் இருக்கும்போது: ‘அப்பா, கன்னத்துப் புண் புத்துதான். கழுத்து நெறி வரைக்கும் வந்திருக்கு. எடுத்துட்டுக் கரண்ட் வச்சா குணமாக்கத்தான் பாக்குறாங்க. நாலு மாசம் கஷ்டம், நாங்க கூட இருக்கோம்.’ இவ்வளவு போதும். பிறகு அவர் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள், கேட்காததை அள்ளிக் கொட்ட வேண்டாம்.

சிகிச்சை முடிந்து முதல் இரண்டு வருடம் இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். திரும்பி வந்தால் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான் வரும். கழுத்தில் கரண்ட் வைத்தவருக்குத் தைராய்டு குறையலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள்.

தம்பியும் புகையிலை அடக்குகிறவரா என்று நீங்கள் எழுதவில்லை. படகில் அந்தப் பழக்கம் ஒருவரோடு நிற்பதில்லை. பகல் வெளிச்சத்தில், வாய் கொப்பளித்துவிட்டு, இரண்டு கன்னத்தையும் உதட்டையும் விரலால் இழுத்து, நாக்கின் ஓரத்தையும் அடியையும் பாருங்கள். மூன்று வாரத்தில் ஆறாத புண், துடைத்தும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டு, முன்பு போல வாய் திறக்காமை இதில் எது இருந்தாலும் தங்கச்சிமடத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டச் சொல்லுங்கள்.